புவைர் நிலையத்தில் நின்றுபோன வண்டி

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த மறுநாள் நம் மஹல்லாக்களில் குர்பானித் தோல் சேகரிக்க இளைஞர்கள் வண்டியோடு வருவதை அறிவோம். அந்தத் தோல் மதரஸாவுக்கோ, அநாதை இல்லத்துக்கோ போகும். வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் போய்ப் பதனிடப்படும். இப்போது ஆட்டுத்தோலின் விலை விழுந்துவிட்டதால் சில ஊர்களில் வாங்க ஆளில்லாமல் புதைக்கவும் செய்கிறார்கள். ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பு, உஸ்மானியப் பேரரசில் இதே குர்பானித் தோல்களை விற்ற காசு ஒரு ரயில் பாதைக்குப் போயிற்று. டமாஸ்கஸிலிருந்து மதீனா முனவ்வராவுக்குப் போடப்பட்ட ஹிஜாஸ் ரயில் பாதை அது.

சென்ற ஆண்டு உம்ராவுக்குச் சென்றிருந்தபோது, அந்தப் பாதையில் கைவிடப்பட்ட நிலையங்களுள் ஒன்றைப் பார்க்கும் வாய்ப்பை அல்லாஹ் தந்தான். பார்த்ததைவிட, பார்த்த பின்பு படித்தவையே என்னை நெடுநாள் தூங்கவிடவில்லை. ஆகையால் முதலில் வரலாறு.

ரயில் வருவதற்கு முன், டமாஸ்கஸிலிருந்து ஹாஜிகளின் ஒட்டகக் கூட்டம் மதீனாவை அடைய ஏறக்குறைய நாற்பது நாள் ஆகும். வெயில், தாகம், காலரா, வழிப்பறி என எல்லாம் அந்த நாற்பது நாளுக்குள் அடக்கம். 1757ஆம் ஆண்டு ஹஜ்ஜை முடித்துத் திரும்பிய கூட்டம் பாலைவனத்தில் சூறையாடப்பட்டு, தாகத்தாலும் வெயிலாலும் பல்லாயிரவர் மாண்டார்கள். ஹஜ்ஜுக்குப் புறப்படுமுன் கடன்களைத் தீர்த்து, வஸிய்யத் எழுதி, வீடு வீடாகச் சென்று பொறுப்பு வாங்கிக்கொள்ளும் வழக்கம் நம் ஊர்களிலும் இருந்ததே, அது சடங்குக்காக அன்று. திரும்பி வருவோம் என்ற உறுதி உண்மையாகவே இல்லாத காலம் அது.

1900ஆம் ஆண்டு சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீத் இந்தப் பாதைக்கு ஆணையிட்டார். ஐரோப்பிய வங்கிகளிடம் கடன் வாங்குவதில்லை என்பதும், முஸ்லிம்களின் பணத்திலேயே கட்டி முடிப்பது என்பதும் அவருடைய முடிவு. சுல்தான் தம் சொந்தப் பணத்திலிருந்து தொடங்கி வைத்தார். எகிப்தின் கெதீவும் ஈரானின் ஷாவும் கொடுத்தார்கள். கொடுத்தவர்களுக்குத் தொகைக்கேற்ப நிக்கல், வெள்ளி, தங்கப் பதக்கங்கள் வழங்கப்பட்டன. நம் நாட்டிலும் வசூல் நடந்தது. பஞ்சாபில் பத்திரிகை ஆசிரியராக இருந்த முஹம்மது இன்ஷாஅல்லாஹ் இதற்காக எழுதிக்கொண்டே இருந்தார். ஹைதராபாதில் முல்லா அப்துல் கய்யூம் குழு அமைத்துப் பணம் திரட்டி அனுப்பினார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முழுப் பாதையும் மக்களின் மனமுவந்த நன்கொடையால் கட்டப்பட்டது என்று நம் மேடைகளில் பேசுகிறார்கள். அது சரியன்று. செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே நன்கொடை. மற்றவை அரசு ஊழியர் சம்பளத்தில் பிடித்த தொகை, முத்திரைத் தாள் வரி, விவசாய வங்கியிலிருந்து பெற்ற முன்பணம் போன்றவை. தோல் விற்ற காசையும் இவற்றோடு சேர்த்துக்கொள்ளலாம். உண்மையைக் குறைத்துச் சொல்வதால் அந்த மூன்றில் ஒரு பங்கின் மதிப்பு குறைந்துவிடாது. ஊதிப் பெருக்கிச் சொல்வதுதான் அதற்கு இழுக்கு.

அந்தப் பங்கில் இந்திய முஸ்லிம்கள் கொடுத்ததை மட்டும் தனியே எண்ணிப் பாருங்கள். பம்பாயில் கப்பலேறி ஜித்தாவில் இறங்கும் நம்மவர்களுக்கு டமாஸ்கஸிலிருந்து வரும் ரயிலால் ஒரு பயனும் இல்லை. பாதையை மக்காவுக்கும் ஜித்தாவுக்கும் நீட்டும் திட்டம் இருந்ததேயன்றி, அது நடக்கவே இல்லை. தாம் ஏறவே போகாத வண்டிக்குத் தண்டவாளம் வாங்கிக் கொடுத்தவர்கள் அவர்கள். சிரியாவின் கிழவரும் துருக்கியின் விதவையும் நபிகளாரின் நகரத்தை மூன்று நாளில் அடையட்டும் என்று கொடுத்தார்கள்.

பாதையைப் போட்டவர்களில் பெரும்பாலோர் உஸ்மானியப் படைவீரர்கள். அதற்கு ஈடாக அவர்களுடைய சேவைக்காலம் குறைக்கப்பட்டது. தலைமைப் பொறியாளர் மைஸ்னர் என்ற ஜெர்மானியர். பாதை அல்உலாவைத் தாண்டியபின் முஸ்லிம் அல்லாதவர்கள் பணியாற்றுவதில்லை என்று முடிவாகி, எஞ்சிய பகுதியை முக்தார் பே என்ற முஸ்லிம் பொறியாளர் நடத்தி முடித்தார். தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட அகலம் 1,050 மில்லிமீட்டர். நம் ஊர்ப் பழைய மீட்டர் கேஜ் பாதையைவிட ஐந்தே சென்டிமீட்டர் கூடுதல். 1904இல் மஆன், 1906இல் தபூக், 1908இல் மதீனா. அவ்வாண்டு செப்டம்பர் 1ஆம் நாள் திறப்புவிழா நடந்தது. சுமார் 1,300 கிலோமீட்டர், நாற்பது நாள் பயணம் மூன்று நாளாகச் சுருங்கியது. வண்டிகளின் நேரம் தொழுகை வேளைகளை ஒட்டி வகுக்கப்பட்டது என்றும், தொழுகைக்கென்றே சிறு மினாராவோடு ஒரு பெட்டி இருந்தது என்றும் படிக்கும்போது மனம் நிறைகிறது.

இருபது கிலோமீட்டருக்கு ஒன்று என்ற அளவில் நிலையங்கள் கட்டினார்கள். நிலையம் என்றால் நடைமேடையும் தேநீர்க் கடையும் நம் கண்ணில் தோன்றும். இவை அப்படியல்ல. தடித்த கல் சுவர், நடுவில் முற்றம், துப்பாக்கி நீட்டச் சுவரில் குறுகிய துளைகள், மழைநீரைச் சேர்க்கும் தொட்டி. பாதி நிலையம், பாதிக் கோட்டை. யாருக்கு அஞ்சி இப்படிக் கட்டினார்கள்? பாதையோரத்து பதூக்களுக்கு. அவர்களைக் கொள்ளையர் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது எளிது. ஆனால் தலைமுறை தலைமுறையாக ஹாஜிகளுக்கு ஒட்டகம் வாடகைக்கு விட்டும், கூட்டத்தைத் தாக்காதிருக்க அரசு தரும் பணத்தைப் பெற்றும் பிழைத்தவர்கள் அவர்கள். மூன்று நாள் ரயில் அவர்களுடைய நாற்பது நாள் பிழைப்பைத் துடைத்தெறிந்தது. பாதை மக்காவரை நீளாததற்கு அவர்களுடைய எதிர்ப்பும் ஒரு காரணம். ஹாஜிகளை ஏற்றிய அதே ரயில் படைகளையும் ஏற்றும், தொலைதூர ஹிஜாஸை இஸ்தான்புல்லின் பிடிக்குள் கொண்டுவரும் என்பதும் எல்லோரும் அறிந்ததே. சுல்தானின் நோக்கத்தில் இறையச்சமும் அரசியலும் எவ்வளவு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல நம்மிடம் தராசு இல்லை.

மதீனாவில் எங்களுக்கு எட்டு நாள் தங்கல். மஸ்ஜிதுன் நபவீயிலிருந்து நடந்துபோகும் தொலைவிலேயே அன்பரிய்யா என்ற இடத்தில் ஹிஜாஸ் ரயிலின் மதீனா நிலையம் இருக்கிறது. அதை அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். பக்கத்தில் அக்காலத்துப் பள்ளிவாசல் ஒன்றும் அழகாக நிற்கிறது. பளபளப்பாகத் துடைத்து வைக்கப்பட்ட எஞ்சினைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது, துடைக்கப்படாத ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. வடக்கே புவைர் என்ற இடத்தில் பழைய நிலையமும் எஞ்சினும் அப்படியே கிடப்பதாக விடுதியில் ஒருவர் சொன்னார். வாகனம் ஓட்டி வந்தவர் அதிராம்பட்டினத்து இளைஞர். "காக்கா, உஹுது, குபா, கிப்லத்தைன்னு ஜியாரத்துக்குத்தான் எல்லாரும் கூப்பிடுவாங்க. துருப்பிடிச்ச ரயிலைப் பார்க்கக் கூப்பிட்ட முதல் ஆள் நீங்கதான்" என்று சிரித்தார்.

ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. மலைகளுக்கு நடுவே வெட்டவெளி. கூரை இழந்த கல் கட்டடங்கள். தண்டவாளம் இல்லை. தண்டவாளம் இருந்த மேட்டின் தடம் மட்டும் வடக்கே நீண்டு மறைகிறது. எஞ்சின் மணலில் நிற்கிறது. பித்தளைப் பாகங்கள் எல்லாம் கழற்றப்பட்டு, வெறும் இரும்புக் கூடு. அதன் வயிற்றில் யார் யாரோ தம் பெயர்களைச் சாயத்தால் எழுதியிருக்கிறார்கள். கட்டடத்துக்குள் நுழைந்தால் தரை முழுவதும் பள்ளங்கள். துருக்கியர்கள் போகும்போது பொன்னைப் புதைத்துவிட்டுப் போனார்கள் என்ற நம்பிக்கையில், இப்பாதையின் நிலையங்களை எல்லாம் தோண்டிப் பார்த்திருக்கிறார்கள். தண்டவாளங்களும் வீண்போகவில்லை. வீட்டுக் கூரைக்கு உத்திரமாகவும் வேலிக்குக் கம்பமாகவும் போயின என்று ஓட்டுநர் தம்பி சொன்னார். அவருடைய அரபு முதலாளியின் பழைய தோட்டத்திலேயே அப்படி ஒன்று இருக்கிறதாம்.

அங்கேயே நிழலாக இருந்த சுவரோரம் அஸர் தொழுதோம். தொழுது முடித்ததும் அவர் கேட்டார்: "நம்ம ஆளுங்க கொடுத்த காசெல்லாம் இப்படி வீணாப் போச்சா, காக்கா?"

அப்போது நான் அவருக்கு விடை சொல்லவில்லை. ஊர் திரும்பிப் படித்தபோது கேள்வி இன்னும் கனமாயிற்று. ஏனெனில், பாலைவன மழையும் காலமும் மட்டும் இந்தப் பாதையை அழிக்கவில்லை. 1916இல் மக்காவின் ஷரீஃப் ஹுசைன் உஸ்மானியருக்கு எதிராகக் கிளர்ந்தார். ஆங்கிலேய அதிகாரிகள் வெடிமருந்தும் பொன்னும் கொடுத்தார்கள். லாரன்ஸ் என்பவரின் பெயர் திரைப்படத்தால் உலகறிந்தது. ஆனால் வெடிவைத்த கைகளில் பெரும்பாலானவை முஸ்லிம்களின் கைகளே. முஸ்லிம்களின் சதகாவில் போட்ட தண்டவாளத்தை, முஸ்லிம்களே பெயர்த்தார்கள். மறுபக்கம், தண்டவாளத்தைக் காத்து நின்று செத்தவர்களும் தொழுதவர்கள்தாம்.

அதைவிடக் கசப்பான ஒன்றும் உண்டு. மதீனாவைக் காத்த தளபதி ஃபக்ரீ பாஷாவை வீரர் என்று போற்றுகிறோம். 1918 அக்டோபரில் பேரரசு போர்நிறுத்தத்தில் கையெழுத்திட்ட பின்பும் அவர் பணியவில்லை. 1919 ஜனவரியில்தான் நகரம் கைமாறியது. அவருடைய உறுதி ஐயத்துக்கு அப்பாற்பட்டது. ஆனால் முற்றுகைக் காலத்தில் உணவு போதாது என்று மதீனாவின் குடிமக்களை இதே ரயிலில் ஏற்றி வடக்கே அனுப்பினார்கள். தாய் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம் எனக் குடும்பங்கள் சிதறின. 'சஃபர் பர்லிக்' என்ற சொல் மதீனாவின் பழைய குடும்பங்களில் இன்றும் துயரச் சொல்தான். நபிகளாரின் அண்டை வீட்டாராக வாழ விரும்பி வந்தவர்களை அங்கிருந்து வெளியேற்றிய வண்டியும் இதுவே. ஹுஜ்ரா ஷரீஃபாவில் இருந்த புனிதப் பொருட்களும் இதே வழியில்தான் இஸ்தான்புல் போய்ச் சேர்ந்தன.

முழுப் பாதையும் ஒழுங்காக ஓடியது, கணக்குப் பார்த்தால், 1908 முதல் போர் தொடங்கிய 1914 வரை. ஆறே ஆண்டுகள். அதன்பின் அங்கங்கே பழுது பார்த்து, 1920களின் நடுப்பகுதிவரை எப்போதாவது ஒரு வண்டி மதீனாவுக்கு வந்தது. பிறகு அதுவும் இல்லை. 1960களில் மீண்டும் போட முனைந்தார்கள். 1967ஆம் ஆண்டுப் போர் அந்த முயற்சியையும் நிறுத்திவிட்டது.

இந்தப் பாதையின் மற்றொரு நிலையத்தையும் குறிப்பிட வேண்டும். அல்உலாவுக்கு வடக்கே மதாயின் ஸாலிஹ், குர்ஆன் அல்ஹிஜ்ர் என்று சொல்லும் இடம். ஸமூது கூட்டத்தாரின் ஊர். தபூக் படையெடுப்பின்போது நபி (ஸல்) அவர்கள் அவ்வழியே சென்றார்கள். அழுதவர்களாகவே அன்றி அங்கே நுழைய வேண்டாம் என்று தோழர்களுக்குச் சொல்லி, தாமும் விரைந்து கடந்தார்கள். அங்குள்ள கிணற்று நீரில் பிசைந்த மாவையும் ஒட்டகங்களுக்குப் போட்டுவிடச் சொன்னார்கள். இது புகாரியில் பதிவாகியுள்ளது. அந்த இடத்தில்தான் எஞ்சின் பழுது பார்க்கும் பெரிய கொட்டகையோடு ஒரு நிலையம் இருந்தது. இப்போது அந்த வட்டாரம் உலகப் பாரம்பரியச் சின்னம். பழைய நிலையக் கட்டடங்களைச் செப்பனிட்டிருக்கிறார்கள், அங்கே ஆடம்பர விடுதியும் வந்துவிட்டது. எங்கள் குழுவில் சிலர் போக ஆசைப்பட்டார்கள். ஹஜ்ரத் தடுக்கவில்லை, ஊக்குவிக்கவும் இல்லை. நான் போகவில்லை. போனவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன். படிப்பினைக்காகப் பார்ப்பது வேறு, அங்கே படுத்துறங்கி விருந்துண்பது வேறு என்பது மட்டும் என் எண்ணம்.

ஓட்டுநர் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். இந்தப் பாதை சட்டப்படியும் ஒரு வக்ஃபாகவே கருதப்பட்டது. 1923இல் லோசான் மாநாட்டில் இங்கிலாந்தும் பிரான்சும் அதன் சமயத்தன்மையை ஒப்புக்கொண்டு அறிக்கை விட்டன. முஸ்லிம்களின் ஆலோசனைக் குழு ஒன்று அமையும் என்றும் சொன்னார்கள். நடந்தது என்னவோ, சிரியாவின் பகுதியைப் பிரெஞ்சு நிறுவனமும் பாலஸ்தீனப் பகுதியை ஆங்கிலேயரும் எடுத்து நடத்தியது. வக்ஃபு என்று தாளில் ஒப்புக்கொள்வதும், வக்ஃபாக நடத்துவதும் ஒன்றல்ல என்பதை நம் நாட்டு முஸ்லிம்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆக, கொடுத்தவர்களின் நிலை என்ன? புகாரியிலும் முஸ்லிமிலும் ஒரு மனிதரின் செய்தி வருகிறது. இரவில் தர்மம் கொடுக்கப் புறப்பட்டார். முதல் இரவு அது ஒரு திருடன் கையில் போயிற்று. மறு இரவு ஒழுக்கம் கெட்ட பெண்ணின் கையில், மூன்றாம் இரவு ஒரு செல்வன் கையில். ஊரார் பேசிச் சிரித்தார்கள். ஆனால் அவருடைய தர்மம் ஏற்கப்பட்டது என்றும், அந்தத் திருடன் ஒருவேளை திருட்டை விடக்கூடும், அப்பெண் திருந்தக்கூடும், செல்வனும் கொடுக்கத் தொடங்கக்கூடும் என்றும் அவருக்குச் சொல்லப்பட்டது. சதகா சேர வேண்டிய இடம் தண்டவாளம் அன்று. அது சேருமிடத்தில் என்றோ சேர்ந்துவிட்டது. ஆறு ஆண்டுகளில் அந்த வண்டியில் வந்து ரவ்ளாவின் முன் நின்று ஸலாம் சொன்ன ஹாஜிகளின் கண்ணீரும் கணக்கில் இருக்கிறது. அதை எந்த வெடிமருந்தும் பெயர்க்க முடியாது. எஞ்சியிருப்பது, பெற்றுக்கொண்டவர்கள் அதை என்ன செய்தார்கள் என்ற கணக்கு. அது வேறு ஏடு.

இந்தக் கேள்வி எனக்கு ஏட்டுக் கேள்வி அன்று. எங்கள் ஊரில் பெரிய சாலையோரம் ஒரு முசாபர்கானா இருக்கிறது. என் பாட்டனாரின் தங்கை, பிள்ளையில்லாத விதவை, தம் காது நகைகளை விற்றுக் கட்டிய இரண்டு அறையும் ஒரு கிணறும். வழிப்போக்கர் தங்க என்று வக்ஃபுப் பத்திரத்தில் எழுதியிருக்கிறார். இரவுப் பேருந்துகள் பெருகியபின் அங்கே தங்க யாரும் வருவதில்லை. ஓடுகள் சரிந்துவிட்டன. கிணற்றில் வேப்பஞ்செடி முளைத்திருக்கிறது. "பாவம், அந்தம்மா காசு வீணாப் போச்சு" என்று ஊரில் சொல்லக் கேட்டே வளர்ந்தேன். இப்போது அதை இடித்துக் கடைகள் கட்டி வாடகைக்கு விடலாம் என்று ஜமாஅத்தில் பேச்சு எழுந்துள்ளது. வருமானம் பள்ளிவாசலுக்குத்தானே என்கிறார்கள்.

பள்ளிவாசலுக்கு வருமானம் வருவது நல்லதே. எனினும் வக்ஃபு செய்தவரின் நிபந்தனையை மதிக்க வேண்டும் என்பது ஃபிக்ஹு நூல்களின் பொதுவிதி. எங்கள் ஊர் ஷாஃபிஈ ஊர், அந்த மத்ஹபில் வக்ஃபுச் சொத்தைக் கைமாற்றுவதில் கட்டுப்பாடு இன்னும் கடுமை. வழிப்போக்கர் இல்லாமல் போய்விட்டார்களா என்றால், இல்லை. முசாபர்கானாவிலிருந்து கூப்பிடு தொலைவில் அரசு மருத்துவமனை இருக்கிறது. சுற்றுக் கிராமங்களிலிருந்து பிரசவத்துக்கு வரும் பெண்களின் தாய்மார்கள், எந்தச் சமூகத்தவராயினும், இரவில் மருத்துவமனை வராந்தாவில் சேலையை விரித்துப் படுத்திருக்கிறார்கள்.

வரும் வெள்ளி ஜும்ஆவுக்குப் பின் ஜமாஅத் கூட்டம். ஓடு மாற்றவும், கழிப்பறை கட்டவும், கிணற்றைத் தூர்வாரவும் ஆகும் செலவைக் கொத்தனாரிடம் கேட்டுத் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். புதிய பத்திரம் எதுவும் தேவையில்லை. அந்தம்மா எழுதியதே போதும்.